முதல் நாளுக்கு 'ஐ'யும் 'யூ'வும் போதும்

பெரியவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்களும், அவர்களிடம் கற்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டோம்: தன்னை அறிமுகம் செய்துகொள்வது, அதில் வரும் ப்ரோநவுன்கள், அதாவது 'நான்', 'நீங்கள்', 'அவர்' போன்ற சொற்கள். ஆங்கிலச் சொற்களைப் பேச்சில் ஒலிக்கிறபடி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

கேள்வி: வாரம் இரண்டு நாள், 12 பேருக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் 30 வயதைத் தாண்டியவர்கள். முதல் நாள் 'ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே' என்று பலகையில் அட்டவணை போட்டு விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார்கள். அடுத்த வகுப்பில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: அட்டவணையில்தான். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பள்ளியில் படித்தவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். அதனால்தான் தலையாட்டினார்கள். ஆனால் எதிரே ஒருவர் கைநீட்டி 'ஹலோ' என்றால் அந்த நொடியில் யாரும் அட்டவணையைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. வாய்க்குப் பழகியது மட்டும்தான் வரும்.

முதல் 60 நிமிடத்துக்கு 'ஐ', 'யூ', 'மை', 'யுவர்' ஆகிய நான்கு சொற்களே போதும். 'ஹீ', 'ஷீ' பக்கம் போகவே வேண்டாம். பலகையிலும் எதுவும் எழுதாதீர்கள். முதல் 5 நிமிடம் நீங்களே மூன்று நான்கு பேரிடம் போய், ஒவ்வொருவரிடமும் இதே உரையாடலைச் சொல்லுங்கள்: 'ஹலோ, ஐம் மீனா. வாட்ஸ் யுவர் நேம்?' அவர் பெயரை மட்டும் சொன்னால் போதும். 'நைஸ் டு மீட் யூ' என்று முடித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அடுத்த 10 நிமிடம் எல்லாரும் சேர்ந்து சொல்வது, பிறகு பாதி வகுப்பு கேட்க மறுபாதி பதில் சொல்வது, பிறகு இருவர் இருவராக.

இதற்குப் பிறகு நாற்காலிகளை ஓரம் தள்ளுங்கள். ஆறு பேர் ஒரு வரிசை, எதிரே ஆறு பேர் ஒரு வரிசை, முகம் பார்த்து நிற்கட்டும். 30 விநாடி பேசவேண்டும். நீங்கள் கைதட்டியதும் ஒரு வரிசை மட்டும் ஓர் இடம் நகரும், கடைசியில் நிற்பவர் சுற்றி வந்து மறுமுனையில் சேர்வார். ஆறு தட்டலில் ஒவ்வொருவரும் ஆறு பேரிடம் ஆறு முறை அதே உரையாடலைப் பேசியிருப்பார்கள். மொத்தமாக 5 நிமிடம்கூட ஆகாது. வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு நிமிடம் பேசவைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒருவர் ஒரு நிமிடம் பேசுவார், 11 நிமிடம் காத்திருப்பார். காத்திருக்கிறவர் மற்றவர் பேச்சைக் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். தன் முறை வருவதற்குள் தன் வாக்கியத்தை மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருப்பார்.

ஒற்றைப்படையில் ஆள் வந்தால் நீங்களே வரிசையில் நின்றுவிடுங்கள். பேசும்போது குறுக்கே போய்த் திருத்தாதீர்கள். பலரிடம் கேட்கிற இரண்டு பிழைகளை மட்டும் குறித்துக்கொண்டு, சுற்று முடிந்ததும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லித் திருத்துங்கள்.

இரண்டாம் சுற்றில் ஊரும் வேலையும் சேரட்டும்: 'ஐம் ஃப்ரம்...', 'ஐம் எ டெய்லர்'. இங்கே ஒரு முன்வேலை இருக்கிறது. ஒவ்வொருவருடைய வேலைக்கும் ஆங்கிலச் சொல் என்ன என்று வகுப்புக்கு முன்பே கேட்டு, 'எ', 'அன்' ஒட்டியே சொல்லிக்கொடுங்கள்: 'எ டிரைவர்', 'அன் எலெக்ட்ரீஷியன்'. விதியை விளக்கத் தொடங்கினால் வகுப்பு அங்கேயே நின்றுவிடும். மூன்றாம் சுற்றில் பெயர் அட்டைகளை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கண்ணன் கையில் மீனாவின் அட்டை இருந்தால் அவர் 'ஐம் மீனா' என்றுதான் சொல்லவேண்டும். சிரிப்பு வரும், கூச்சம் பாதி அங்கேயே போய்விடும். மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஒப்பிக்கவும் முடியாது.

எழுதுவது கடைசி 10 நிமிடம்தான். நான்கு வாக்கியம், இடையில் கோடிட்ட இடம். 'ஐ' வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்து என்பதை மட்டும் அப்போது சொன்னால் போதும். அடுத்த வகுப்பின் முதல் 5 நிமிடம் நோட்டைத் திறக்காமல் மறுபடி அதே இரு வரிசை. இதைத் தவிர்த்தால் முதல் நாள் உழைப்பு முழுக்க வீண்.

கேள்வி: 'வாட்ஸ் யுவர் நேம்?' என்று கேட்டால் என் மாணவர் ஒருவர் 'யுவர் நேம் இஸ் கண்ணன்' என்கிறார். கண்ணன் அவருடைய பெயர்தான். எத்தனை முறை திருத்தினாலும் அதேதான்.

பதில்: 'நான் சொல்வதைத் திரும்பச் சொல்லுங்கள்' என்று பழக்கியதன் விளைவு இது. நீங்கள் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு திருப்பித் தருகிறார், அவ்வளவுதான். 'மை' யார் வாயிலிருந்து வருகிறதோ அவரைக் குறிக்கும் என்பதை ஒருவரே இரண்டு பாத்திரமாகப் பேசிக் காட்டினால் விளங்காது. சரியாகச் சொல்லக்கூடிய இன்னொரு மாணவரை எழுப்பி, நீங்கள் கேட்க அவர் பதில் சொல்லட்டும், பிறகு அவர் கேட்க நீங்கள் பதில் சொல்லுங்கள். தடுமாறுகிறவர் மூன்று நான்கு முறை பார்க்கட்டும்.

கையையும் பயன்படுத்துங்கள். 'மை' என்றால் சொல்பவரின் உள்ளங்கை அவருடைய நெஞ்சில். 'யுவர்' என்றால் திறந்த கை எதிரில் இருப்பவர் பக்கம். இதை மாணவரே செய்யவேண்டும். நீங்கள் அவரைச் சுட்டிக்காட்டிக்கொண்டு 'மை நேம்' என்று எடுத்துக்கொடுத்தால் குழப்பம் இரட்டிப்பாகும். ஒரு விரலால் சுட்டுவதையும் தவிருங்கள், பெரியவர்களுக்கு அது பிடிக்காது.

கேள்வி: 'மை மதர் இஸ் எ டீச்சர். ஹிஸ் நேம் இஸ்...' என்று ஆரம்பிக்கிறார்கள். அப்பாவைப் பற்றிப் பேசினால் 'தே ஆர்' வருகிறது. 'ஹீ', 'ஷீ' குழப்பத்துக்கு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது, ஆனால் காரணம் தெரியாமல் திருத்தினால் பலிக்காது. நாம் பெற்றோரை 'அவர்' என்கிறோம். 'அவர்' ஆணா பெண்ணா? இரண்டும்தான். 'அவருடைய பெயர்' என்று தமிழில் நினைக்கும்போது அந்த இடத்தில் ஆண், பெண் என்ற தேர்வே நடப்பதில்லை. ஆங்கிலம் மட்டும் அங்கே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆகவே உங்கள் மாணவருக்கு அம்மா பெண் என்பது மறந்துபோகவில்லை. மரியாதையோடு பேசும்போது தேவைப்படாத ஒரு தேர்வைப் புதிதாகச் செய்யவேண்டியிருக்கிறது, நாக்கு முந்திக்கொள்கிறது. 'தே' வருவதும் இதே ஊற்றிலிருந்துதான். 'அவர்' என்பதற்குப் பன்மை வடிவம், 'வந்தார்' என்பதில் மரியாதை. அதை ஆங்கிலத்தில் தேடுகிறவர் கையில் அகப்படுவது 'தே'.

முதலில் ஒரு வாக்கியத்தைத் தமிழிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: 'ஹீ என்றால் அவனும்தான், ஆண்பால் அவரும்தான். அப்பாவை ஹீ என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.' பலர் தயங்குவது இலக்கணத்தால் அல்ல, 'ஹீ' என்றால் 'அவன்' என்று எங்கோ படித்துவிட்டதால். இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தாலே 'தே' பெரும்பாலும் மறைந்துவிடும்.

'ஹீ', 'ஷீ' இரண்டையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தாதீர்கள். ஒரு வகுப்பு முழுக்க ஆண்களின் படம், 'ஹீஸ்', 'ஹிஸ்' மட்டும். அடுத்த வகுப்பு பெண்கள். மூன்றாம் வகுப்பில்தான் கலப்பு. அன்றும் பேசுவதற்கு முன் கேட்டல்: நான்கு ஆண் படம், நான்கு பெண் படம் சுவரில் ஒட்டி, நீங்கள் சொல்லும் வாக்கியத்துக்கு அவர்கள் பக்கம் காட்டவேண்டும். 'ஷீஸ் எ டிரைவர்', 'ஹீஸ் எ நர்ஸ்' என்று சொல்லுங்கள். வேலையை வைத்து ஊகிக்க முடியாமல், முதல் ஒலியைக் கவனித்தே ஆகவேண்டும். பிறகு அவரவர் கைபேசியில் இருக்கும் குடும்பப் படத்தைக் காட்டிப் பேசட்டும்.

அறிமுகம் செய்யும்போது தொடக்கம் 'திஸ் இஸ்'. 'திஸ் இஸ் மை வைஃப், மீனா. ஷீஸ் எ டெய்லர்.' எடுத்த எடுப்பிலேயே ஆளைக் காட்டி 'ஷீ இஸ் மை வைஃப்' என்பது காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடு. 'இட் இஸ் மை வைஃப்' வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பொறி: 'ஹெர் ஹஸ்பண்ட்', 'ஹிஸ் வைஃப்'. கணவர் ஆண் என்பதால் 'ஹிஸ் ஹஸ்பண்ட்' என்று வந்துவிடும். உடைமைக்காரர் யார் என்பதுதான் கணக்கு. மீனாவின் கணவர் என்றால் மீனாவைப் பார்த்து 'ஹெர்'.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. 'ஹீஸ்' நெடில், 'ஹிஸ்' குறில். 'ஹீஸ் எ டீச்சர், ஹிஸ் நேம் இஸ் கண்ணன்.' குறில் நெடிலை வைத்துப் பொருளே மாறும் மொழி நம்முடையது. கல், கால் என்று இரண்டு சொல்லைச் சொல்லிக் காட்டினால் போதும், காது தானாகப் பிடித்துக்கொள்ளும். 'ஷீ' சிலருக்குச் 'சீ' ஆகிவிடும், சொல்பவருக்கே வெட்கமாகிவிடும். சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்து 'ஷ்ஷ்' என்போமே, அதை இழுக்கச் சொல்லி, விரலை எடுத்ததும் 'ஈ' சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 'மைசெல்ஃப் கண்ணன்' என்று அறிமுகப்படுத்திக்கொள்வது தவறா? நிறையப் பேர் சொல்கிறார்களே.

பதில்: தவறுதான். செய்பவரும் செயலைப் பெறுபவரும் ஒருவராக இருக்கும்போது வருவது 'மைசெல்ஃப்'. 'லெட் மீ இன்ட்ரொடியூஸ் மைசெல்ஃப்' சரி. அதற்கு அடுத்த வாக்கியம் 'ஐம் கண்ணன்'. முதல் வாக்கியத்தின் வாலைப் பிடித்து இரண்டாவதன் தலையில் ஒட்டிவிடுகிறார்கள். கேட்பவருக்குப் புரியும், ஆனால் 'ஐம்' அதைவிடச் சின்னது, எளிது.

கேள்வி: 'ஐ டீச்சர்', 'ஷீ மை சிஸ்டர்' என்று 'ஆம்', 'இஸ்' இல்லாமல் பேசினார்கள். வற்புறுத்தித் திருத்தினேன். இப்போது 'ஐம் ஒர்க் இன் எ ஷாப்' என்று வேண்டாத இடத்திலும் போடுகிறார்கள்!

பதில்: இரண்டும் எதிர்பார்த்த பிழைகளே. 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழு வாக்கியம், இடையில் ஒன்றும் தேவையில்லை. அதனால் முதல் பிழை. இதற்கு 'ஐ' தனி, 'ஆம்' தனி என்று பிரிக்காமல் 'ஐம்', 'யூர்', 'ஹீஸ்', 'ஷீஸ்' என்று ஒரே சொல்லாகவே பழக்குவது நல்லது. விரல் உத்தியும் கைகொடுக்கும். இடது கையை விரித்து, 'மை – நேம் – இஸ் – கண்ணன்' என்று சொல்லுக்கு ஒரு விரலாகத் தொட்டுக் காட்டுங்கள். மாணவர் 'இஸ்'ஸை விட்டால் வாய் திறக்காமல் மூன்றாவது விரலை மட்டும் அசையுங்கள். எது விடுபட்டது என்று அவரே கண்டுபிடித்துச் சொல்வார். நீங்கள் சொல்லிக் கொடுத்ததைவிட அது நிலைக்கும்.

இரண்டாவது பிழை அந்த மருந்தின் பக்கவிளைவு. 'ஐம்' என்பதே 'நான்' என்று அவர் முடிவு செய்துவிட்டார். பலகையை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் 'நான் யார், எப்படி': பெயர், வேலை, ஊர், வயது. அங்கே 'ஐம்'. வலப்பக்கம் 'நான் செய்வது, என்னிடம் இருப்பது': 'ஒர்க்', 'லிவ்', 'லைக்', 'ஹாவ்'. நான்கே வினைச்சொல், அங்கே வெறும் 'ஐ'. பத்துச் சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுத்து எந்தப் பக்கம் ஒட்டவேண்டும் என்று கேளுங்கள். 'ஐ ஹாவ் டூ சில்ட்ரன்' வலப்பக்கம். 'ஐம் ஹாவிங்' வேண்டாம். வயதுக்கு 'ஐம் 35' போதும். 'இயர்ஸ்' சேர்த்தால் 'ஓல்ட்' சேர்த்தே ஆகவேண்டும்.

வலப்பக்கத்தில் இன்னொன்றும் நடக்கும். 'ஒர்க் இன் எ ஷாப்' என்று 'ஐ'யே இல்லாமல் பேசுவார்கள். 'வேலை செய்கிறேன்' என்பதில் 'ஏன்' விகுதியே நான் என்று சொல்லிவிடுகிறதே! ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை, அதனால் 'ஐ'யை முன்னால் வைத்துத்தான் ஆகவேண்டும். 'ஹீ ஒர்க்ஸ்' என்பதில் வரும் 'ஸ்' பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். அது தாமதமாகத்தான் வாயில் நிலைக்கும், அது இல்லாமலும் அறிமுகம் நடக்கும்.

கேள்வி: மேலதிகாரியிடமும் வயதில் பெரியவரிடமும் 'யூ' என்று சொல்ல நாக்கு கூசுகிறது. வேறு சொல் உண்டா?

பதில்: இல்லை, தேவையும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஒருவரை அழைக்க 'தௌ' இருந்தது. 'யூ' அன்று பன்மை. பிறகு மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டுக்குள் 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கிவிட்டது. ஒருவரைச் சொன்னாலும் 'யூ ஆர்' என்று பன்மைக்குரிய 'ஆர்' வருவது அதனால்தான். ஆங்கிலத்தில் காணாமற்போனது 'நீ'. நீங்கள் சொல்வது 'நீங்கள்'தான். மேலும் மரியாதை வேண்டுமென்றால் 'சார்', 'மேடம்', 'ப்ளீஸ்' சேருங்கள். 'மே ஐ நோ யுவர் நேம், ப்ளீஸ்?' என்று கேட்டால் யாருக்கும் மனம் கோணாது.

கேள்வி: நாம், நாங்கள் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதானா?

பதில்: ஒன்றுதான். கேட்பவரும் சேர்த்தியா என்பது சூழலில் புரியும். குடும்பத்தைச் சொல்லும்போது மட்டும் எண்ணிக்கை இடறும். 'வீ ஆர் ஃபோர் மெம்பர்ஸ்' என்பதைவிட 'தேர் ஆர் ஃபோர் ஆஃப் அஸ்' இயல்பு. அண்ணன் தம்பி கணக்கில் 'ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்' என்றால் உங்களைச் சேர்க்காமல் இரண்டு.

கேள்வி: என் வகுப்பில் மூன்று பேருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதிப் போடலாமா?

பதில்: அவரவர் நோட்டில் எழுதிக்கொள்வதைத் தடுக்காதீர்கள். பலகையில் வேண்டாம். நாம் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுவது படித்துப் பழகிய உங்களுக்காக. எழுத்தைப் பார்த்தே உச்சரிக்கிறவர் தமிழ் ஒலியைத்தான் எழுப்புவார். 'இஸ்', 'ஹிஸ்' இரண்டின் கடைசி ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும், வண்டு ரீங்காரம் போன்ற ஒலி. நம் 'ஸ்' அதைக் காட்டாது. 'ப' ஒன்றே P, B என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கும் நிற்கவேண்டியிருக்கிறது.

எழுத்து வராதவர்களுக்குப் படச்சீட்டு நன்றாக வேலை செய்யும்: பெயருக்கு ஒரு பெயர் அட்டை, ஊருக்கு வீடு, வேலைக்கு ஒரு கருவி, குடும்பத்துக்கு ஆட்கள். நான்கு சீட்டை வரிசையாக வைத்தால் பேச்சு ஓடும், வரிசையைக் கலைத்தாலும் ஓடவேண்டும். அவர்கள் எழுதக் கற்கவேண்டிய முதல் ஆங்கிலச் சொல் தங்கள் பெயர்தான். படிவம் நிரப்ப அது உடனே பயன்படும்.

கேள்வி: அலுவலகக் காணொளிக் கூட்டங்களில் சிலர் பெயருக்குப் பக்கத்தில் 'ஷீ/ஹெர்', 'தே/தெம்' என்று போட்டிருக்கிறார்கள். புதிதாக ஆங்கிலம் கற்கும் நானும் போடவேண்டுமா? ஒருவரை 'தே' என்பது எப்படி?

பதில்: தங்களைப் பற்றிப் பிறர் படர்க்கையில் பேசும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்தவேண்டும் என்று அவர்கள் தெரிவிக்கிறார்கள். முதல் சொல் எழுவாயாக வருவது, இரண்டாவது செயப்படுபொருளாக வருவது: 'ஷீ இஸ் ஹியர்', 'கால் ஹெர்'. அவரிடமே நேராகப் பேசும்போது எப்போதும் 'யூ'தான், அதனால் அங்கே குழப்பம் வராது. ஆண், பெண் என்ற இரண்டில் தன்னை அடக்கிக்கொள்ள விரும்பாதவர்களில் பலர் 'தே/தெம்' போடுகிறார்கள். ஒருவரைக் குறித்தாலும் வினை 'ஆர்'தான்: 'தே ஆர் எ டிசைனர்'. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இன் ஆண்டுச் சொல்லாக 'தே'யைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பயன்பாட்டை ஒட்டித்தான். ஆங்கிலேயர் சிலருக்கே இது நெருடுகிறது. நமக்கு நெருடவேண்டியதில்லை. பன்மை வடிவத்தில் ஒருவரை, ஆண் பெண் சொல்லாமல் குறிக்கும் 'அவர்' நம் வாயில் எப்போதும் இருக்கிறதே.

பொதுவாக நீங்கள் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். பிறர் போட்டிருந்தால் அதன்படி சொல்லுங்கள். தெரியாதபோது பெயரையே சொல்லிவிடுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பாவை 'தே' என்ற பழக்கத்தை விடுவித்த அதே வாரத்தில் இதை எடுக்காதீர்கள்.

கேள்வி: தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒருவர் கற்றுவிட்டார் என்று எதை வைத்துச் சொல்வது? எல்லாரும் ஒப்பிக்கிறார்கள், நம்பிக்கை வரவில்லை.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் 'ஏ1' என்னும் தொடக்கநிலைக்கு உரியதாகச் சொல்லப்படுவது: தன்னையும் பிறரையும் அறிமுகப்படுத்த முடியவேண்டும், எங்கே வசிக்கிறார், யாரைத் தெரியும், என்ன வைத்திருக்கிறார் என்பது போன்ற சொந்த விவரங்களைக் கேட்கவும் சொல்லவும் முடியவேண்டும். எதிரே இருப்பவர் மெதுவாக, தெளிவாகப் பேசி உதவுவார் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. கேட்கவும் முடியவேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒப்பிக்கிறவரிடம் அந்தப் பாதிதான் இருக்காது.

வகுப்புக்கு வராத ஒருவரை 2 நிமிடம் அழைத்து வந்து உட்காரவையுங்கள். கேள்விகளின் வரிசையை மாற்றச் சொல்லுங்கள், வேலையில் தொடங்கிப் பெயரில் முடியட்டும். மாணவர் அவரிடம் குறைந்தது இரண்டு கேள்வி கேட்கவேண்டும். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, அந்தப் புதியவரை 'திஸ் இஸ்' என்று தொடங்கி மூன்று வாக்கியத்தில் அறிமுகப்படுத்தவேண்டும். 'ஐ', 'யூ', 'ஹீ' அல்லது 'ஷீ', அவற்றின் உடைமைச் சொற்கள் எல்லாம் இதற்குள் வந்துவிடும். 'எ' விட்டுப்போனால் மதிப்பெண் குறைக்காதீர்கள். ஆளை மாற்றிச் சொன்னால் குறையுங்கள். நடுவில் ஒருமுறை 'சாரி, யுவர் நேம் அகெய்ன்?' என்று குறுக்கிடச் சொல்லிவையுங்கள். ஒப்பித்தவர் 'குட் ஈவ்னிங்'கிலிருந்து மறுபடி தொடங்குவார். கற்றவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து போவார்.